கருப்பு-வெள்ளைப் படத்தை வீட்டுப் பிரிண்டரில் ஒழுங்காக எடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: வண்ணத்தில் எடுத்த டிஜிட்டல் படத்தைக் கணினியில் கருப்பு-வெள்ளையாக மாற்றினால் திரையில் அருமையாக இருக்கிறது. அதையே வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தால் இருண்டு போகிறது, லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கிறது, முகத்தில் உயிர் இல்லை. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மூன்று குறைகளுக்கும் காரணம் தனித்தனி. இருட்டுக்குக் காரணம் உங்கள் திரை. சாயலுக்குக் காரணம் மை. முகம் தட்டையாக வருவதற்குக் காரணம், வண்ணத்திலிருந்து சாம்பலுக்கு மாற்றிய விதம். மூன்றையும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்ற இரண்டு ஸ்லைடர்களை வைத்தே சரிசெய்யப் பார்ப்பதால்தான் தாள் தாளாக வீணாகிறது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பிடிப்போம்.

முதலில் மாற்றுவது. சாச்சுரேஷனை (நிறச் செறிவை) பூஜ்ஜியத்துக்கு இழுத்தால் நிறம் போய்விடும். ஆனால் அதுவரை அந்த நிறம் செய்துகொண்டிருந்த வேலையை எடுத்துச் செய்ய எதுவும் மிஞ்சாது. பச்சை இலைகளுக்கு நடுவே இருக்கும் சிவப்புப் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தில் பூ பளிச்சென்று தனித்துத் தெரிகிறது. ஆனால் பூவும் இலையும் ஏறக்குறைய ஒரே ஒளிர்வில் இருந்தால் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். பொதுவான சூத்திரப்படி ஒளிர்வில் பச்சையின் பங்கு சுமார் 72%, சிவப்பு 21%, நீலம் வெறும் 7%. இந்தக் கணக்கு எல்லாப் படத்துக்கும் பொருந்தாது என்பதுதான் விஷயம். எந்த நிறம் வெளுக்க வேண்டும், எது கறுக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அதற்கான கருவி பெரும்பாலான படத்திருத்த மென்பொருள்களில் இருக்கிறது. லைட்ரூமில் பிளாக் அண்ட் ஒயிட் மிக்சர், கிம்ப்பில் மோனோ மிக்சர், டார்க்டேபிளில் கலர் கேலிப்ரேஷன் மாட்யூலுக்குள் இருக்கும் க்ரே டேப். கிம்ப், டார்க்டேபிள் போல மூன்று நிறங்களைக் கலக்கும் கருவிகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் பங்கையும் கூட்டினால் 100 வருமாறு வைத்துக்கொண்டால் மொத்த வெளிச்சம் பெரிதாக மாறாது. முகங்களுக்குச் சிவப்பு 40, பச்சை 50, நீலம் 10 என்று தொடங்கிப் பாருங்கள். சிவப்பை ஏற்ற ஏற்றத் தோல் வெளுத்துப் பருக்களும் தழும்புகளும் மறையும், ஆனால் உதடும் கூடவே மங்கி முகம் மாவுபோல் ஆகிவிடும். பச்சை தோலின் மடிப்புகளையும் உதட்டையும் காப்பாற்றும். நீலத்தை ஏற்றினால் தோல் கறுத்து ஒவ்வொரு புள்ளியும் துருத்திக்கொண்டு நிற்கும். வயதான முகத்துக்கு அது சில நேரம் அழகுதான், குழந்தைக்கு ஒருபோதும் வேண்டாம். வானமும் மேகமும் உள்ள படத்துக்குச் சிவப்பு 70, பச்சை 30, நீலம் 0 வைத்தால் வானம் கறுத்து மேகம் எழும்பி நிற்கும். பழைய ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்ததும் இதே விளைவுக்காகத்தான்.

ஸ்லைடர்களைக் கடைசி வரை தள்ளாதீர்கள். நீலத்தைப் பெரிய மைனஸ் எண்ணுக்குக் கொண்டுபோனால் மலையும் வானமும் சந்திக்கும் கோட்டில் வெள்ளை விளிம்பு தோன்றும், வானத்தில் பொரிபொரியாக நாய்ஸ் எழும்பும். ஜேபெக் கோப்பாக இருந்தால் இன்னும் மோசம். ஜேபெக்கில் பெரும்பாலும் நிறத் தகவல் ஒளிர்வுத் தகவலைவிடக் குறைந்த ரெசல்யூஷனில்தான் சேமிக்கப்படுகிறது. நிறத்தைப் பிழிந்து சாம்பலாக்கும்போது அதுவரை கண்ணில் படாத கட்டங்கள் வெளியே வந்துவிடும். ஆகவே கேமரா பதிந்த மூலத் தகவலான ரா கோப்பிலிருந்து தொடங்கி, தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக வைத்து வேலை செய்யுங்கள். 8 பிட்டில் கருப்பிலிருந்து வெள்ளைவரை மொத்தமே 256 படிகள். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து இந்தக் குறையை மறைக்கும். கருப்பு-வெள்ளையில் அந்த உதவி இல்லை, இரண்டு முறை கர்வ் (வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கருவி) போட்டால் வானத்தில் வளையம் வளையமாகக் கோடு விழும்.

மாற்றிய பிறகும் கோப்பை ஆர்ஜிபி நிலையிலேயே, மூன்று சேனலும் ஒரே மதிப்பில், எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரையறையின் புரொஃபைலுடன் வைத்திருங்கள். க்ரேஸ்கேலுக்கு மாற்றிவிட்டால் பின்னால் சாயலைத் திருத்தக் கைப்பிடி இருக்காது.

அடுத்து இருட்டு. பளிச்சென்று வைத்த லேப்டாப் திரை சதுர மீட்டருக்கு 300 கேண்டெலாவுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) மேல்கூடத் தரும். அந்த வெளிச்சத்தில் நிழல்கள் போதுமான அளவு தெளிவாக இருப்பதாக நம்பிப் படத்தை முடிப்பீர்கள். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது, அறை வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். பிரிண்ட் எடுப்பதற்காக வேலை செய்யும் திரை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருக்க வேண்டும். திரையை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேட்டர் கருவி இருந்தால் வெளிச்சம் 100 கேண்டெலா, வெள்ளையின் நிறம் 6500 கெல்வின், காமா 2.2 என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வழி உண்டு: படத்தைப் பார்க்கப்போகும் விளக்கின் கீழே ஒரு வெள்ளைப் பிரிண்ட் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். முதல் பத்து நிமிடம் திரை செத்துப்போனதுபோல் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். இருண்ட பிரிண்ட் பற்றிய புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

ஆனாலும் திரையும் காகிதமும் முழுக்க ஒன்றாகாது. சாதாரண எல்சிடி திரையில் வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையே 1000க்கு 1 என்ற விகிதம் கிடைக்கிறது. மிதமாகப் பளபளக்கும் நல்ல லஸ்டர் அல்லது பரைட்டா தாளில் கருப்பின் அடர்த்தி (ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற மடக்கை அளவு) 2.3 என்று வைத்தால், மேலே விழும் ஒளியில் 0.5% மட்டும் திரும்பும். வெள்ளைப் பகுதி 90% திருப்பினால் விகிதம் 180க்கு 1. பளபளப்பில்லாத மேட் தாளில் அடர்த்தி 1.6 சுற்றித்தான் நிற்கும், கருப்பே 2.5% ஒளியைத் திருப்புகிறது, விகிதம் 36க்கு 1. நிழலில் நிறைய விவரம் உள்ள படம், இரவுக் காட்சி, கருத்த தோலில் விழும் பக்கவாட்டு ஒளி இதற்கெல்லாம் லஸ்டர் எடுங்கள். பனி, மூடுபனி, மென்மையான முகம், வெள்ளைச் சுவர் போன்ற வெளிர்ந்த படங்களை மேட் தாள், குறிப்பாகப் பருத்தித் தாள், அழகாகத் தாங்கும். கண்ணாடிபோல் மின்னும் கிளாஸி தாளைக் கருப்பு-வெள்ளைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய கருப்புப் பரப்பில் ஜன்னலும் விளக்கும் பிரதிபலித்து, பார்க்க வேண்டிய படமே தெரியாமல் போகும்.

அளவுக்கு மீறி வெள்ளையாக இருக்கும் தாள்களில் ஒளிர்ப்பான் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். புற ஊதா ஒளியில் அது நீலமாக ஒளிர்வதால் தாள் பளிச்சென்று தெரிகிறது. பல எல்இடி விளக்குகளின் கீழே அந்த ஒளிர்வு இருக்காது, வருடங்கள் போகப் போக வெள்ளை மஞ்சளாகவும் செய்யும். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய படத்துக்கு இந்த ரசாயனம் இல்லாத தாளைத் தேர்ந்தெடுங்கள்.

இனி சாயல். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நான்கு மை பிரிண்டரில் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. நடுத்தரச் சாம்பலை சயான், மஜென்டா, மஞ்சள் மூன்றையும் நுண்ணிய புள்ளிகளாகக் கலந்துதான் அது உண்டாக்குகிறது. கலவையில் ஒன்று துளி கூடினாலோ குறைந்தாலோ நம் கண் உடனே பிடித்துவிடும். வண்ணப் படத்தில் 3% மஜென்டா கூடினால் யாருக்கும் தெரியாது, சாம்பலில் அது ஊதாவாகக் கத்தும். போதாததற்கு, ஒரு விளக்கின் கீழ் நடுநிலையாகத் தெரிந்த அதே பிரிண்ட் ஜன்னல் ஒளியில் பச்சையாகவும் குண்டு பல்பின் கீழ் ஊதாவாகவும் மாறும். வண்ண மைகள் ஒவ்வோர் ஒளியையும் வேறு வேறு விதமாகத் திருப்புவதுதான் காரணம். எந்தத் திருத்தமும் இதை முழுக்க ஒழிக்காது.

'கருப்பு மையில் மட்டும் அச்சிடு' என்ற அமைப்பைப் போட்டால் என்ன? பல வீட்டுப் பிரிண்டர்களில் கருப்பு நிறமி மையாகவும் (நுண்துகள்கள் மிதக்கும் மை) வண்ணங்கள் சாய மையாகவும் (நிறம் கரைந்திருக்கும் மை) இருக்கும். அந்த நிறமிக் கருப்பு கிளாஸி, லஸ்டர் தாள்களில் ஒட்டாது, தேய்த்தால் வந்துவிடும். அதனால் தாள் வகையை ஃபோட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்ததுமே, நீங்கள் க்ரேஸ்கேல் என்று டிக் செய்திருந்தாலும், பிரிண்டர் வண்ண மைகளைக் கலந்துதான் சாம்பலை உண்டாக்கும். மேட் தாளில் கருப்பு மட்டும் போட்டு எடுக்கலாம். பச்சையோ ஊதாவோ அடிக்காது, ஆனால் வெளிர் பகுதிகளில் புள்ளிகள் அரிசிப்பொரிபோல் தெரியும். சொரசொரப்பான தெருக் காட்சிகளுக்கு அது பொருந்தும், குழந்தையின் கன்னத்துக்குப் பொருந்தாது.

நான்கு மை பிரிண்டருடன் இருப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை, சுத்த நடுநிலையை விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள். வேண்டுமென்றே சற்று வெதுவெதுப்பான டோன் கொடுங்கள். பச்சை பக்கமோ மஜென்டா பக்கமோ லேசாகச் சாய்ந்தால் அது தவறாகத் தெரிகிறது. முழுப் படமும் லேசான பழுப்பில் இருந்தால் அது விருப்பமாகத் தெரிகிறது, விளக்கு மாறும்போது வரும் சிறு மாற்றமும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நடுச் சாம்பலின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை (128, 128, 128) என்பதிலிருந்து (132, 128, 121) அளவுக்குக் கொண்டுபோனால் போதும். செபியா என்று சொல்லும் அளவுக்குப் போக வேண்டாம்.

நடுநிலைதான் வேண்டும் என்றால் கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் 128, 128, 128 சதுரம், அதைச் சுற்றி ஒவ்வொரு சேனலையும் 3 மட்டும் ஏற்றியும் இறக்கியும் சதுரங்கள்: (125, 128, 128), (131, 128, 128), (128, 125, 128), இப்படி நடுச் சதுரத்தோடு மொத்தம் ஏழு. இதே வரிசையை 60லும் 200லும் திரும்பப் போடுங்கள். ஒரே தாளில் எடுத்து, காய்ந்த பிறகு, படம் தொங்கப்போகும் சுவரின் வெளிச்சத்தில் வைத்து எது உண்மையான சாம்பல் என்று பாருங்கள். பச்சை அடிக்கும் பிரிண்டரில் பச்சை சேனலைக் குறைத்த சதுரம் ஜெயிக்கும். நிழலில் ஒன்றும் வெளிரில் வேறொன்றும் ஜெயித்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். ஜெயித்த எண்களை 60, 128, 200 ஆகிய இடங்களில் சேனல் கர்வாகப் போட்டு, 'இந்தத் தாள், இந்த மை' என்று பெயரிட்டுச் சேமியுங்கள். படத்தின் மீது தனி லேயராக அச்சுக்கு மட்டும் அது இருக்கட்டும். தாளோ மையோ மாறினால் திருத்தமும் செல்லாது.

சாம்பல் மை தனியாக உள்ள பிரிண்டர்களில் இந்தப் பாடு வெகுவாகக் குறையும். கேனான் புரோ-200இல் சாய மையில் இரண்டு சாம்பல்கள், புரோ-300இல் நிறமி மையில் ஒன்று. எப்சன் பி700, பி900 இரண்டிலும் கருப்போடு இரண்டு சாம்பல்கள் உண்டு. எப்சனில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ என்றும் கேனானில் பிளாக் அண்ட் ஒயிட் ஃபோட்டோ என்றும் தனி அமைப்பு வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் பெரும்பாலும் கருப்பு, சாம்பல் மைகளையே பயன்படுத்தி, டோனுக்காக மட்டும் துளி வண்ணம் சேர்க்கும். இந்த அமைப்பில் அச்சிடும்போது மென்பொருளில் 'நிறத்தைப் பிரிண்டரே கவனிக்கட்டும்' என்று விட வேண்டும். ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாளும் மையும் நிறத்தை எப்படிக் காட்டும் என்ற விவரக் கோப்பு) வழியாக அச்சிடும்போது நேர்மாறு: மென்பொருளில் அந்தத் தாளின் புரொஃபைல், ரெலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் என்ற இரண்டு அமைப்புகள், பிரிண்டரின் சொந்த மென்பொருளான டிரைவரில் நிறத் திருத்தம் முழுக்க ஆஃப். மென்பொருள், டிரைவர் இரண்டுமே திருத்தினால் படம் கெட்டது. திடீரென்று எல்லாமே மஜென்டாவாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பொருந்தும் எப்சன் பிரிண்டர் வைத்திருந்து இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்குக் குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு மையும் எந்தச் சாம்பலில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை நீங்களே கர்வாக எழுதலாம்.

இப்போது இந்த முழு வேலையின் இதயத்துக்கு வருகிறேன்: சாம்பல் படிக்கட்டு. 0 முதல் 255 வரை 21 சமபடிகளில் சதுரங்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் எண். கூடவே நிழலுக்கு 0, 4, 8, 12 என்று 40 வரை ஒரு வரிசையும், வெளிருக்கு 255, 252, 249 என்று 234 வரை ஒரு வரிசையும். ஏ4 தாளில் கால்பாகம் போதும். ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை எடுத்துவிட்டால், பிறகு எந்தப் படத்தை எடுத்தாலும் காகிதம் என்ன செய்யும் என்பது முன்கூட்டியே தெரியும்.

படிக்கட்டில் பார்க்க வேண்டியது, கருப்பிலிருந்து எந்த எண்ணில் முதல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை. 16இல்தான் தெரிகிறது என்று வையுங்கள். அப்படியானால் 0 முதல் 16 வரை நீங்கள் வைத்த நிழல் விவரம் எல்லாம் ஒரே கருப்பில் மூழ்கிவிடுகிறது. இதற்குப் பலர் அவுட்புட் லெவலில் கருப்பை 0இலிருந்து 16க்குத் தூக்கிவிடுகிறார்கள். விவரம் வரும், ஆனால் படத்தில் முழுக் கருப்பு என்பதே இல்லாமல் போய்ச் சாம்பல் பூத்துவிடும். கருப்பை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் உள்ளவற்றை மட்டும் தூக்குங்கள்: கர்வில் 0க்கு 0, 10க்கு 20, 40க்கு 50, 128க்கு 132. கருப்பு கருப்பாகவே நிற்கும், அதன் அடியில் இருக்கும் துணி மடிப்பும் தலைமுடியும் வெளியே வரும்.

வித்தியாசம் 30 தாண்டியும் தெரியவில்லை, கருப்புச் சதுரம் பிசுபிசுப்பாக மின்னுகிறது, அல்லது 0ஐவிட 8 கறுப்பாகத் தெரிகிறது என்றால் கர்வால் ஒன்றும் ஆகாது. தாள் ஏற்கும் அளவைவிட அதிக மை விழுகிறது. டிரைவரில் தாள் வகையை மாற்றிப் பாருங்கள். தாள் வகை என்பது வெறும் பெயர் இல்லை, எவ்வளவு மை, எந்தக் கருப்பு என்பதையெல்லாம் அதுதான் முடிவுசெய்கிறது. மேட் தாளுக்கு லஸ்டர் என்று போட்டால் ஃபோட்டோ பிளாக் மை விழுந்து கருப்பு வெளிறிப்போகும்.

வெளிர் பக்கத்தில் 255இல் மையே விழாது. நிறமி மையில் லஸ்டர் தாள் என்றால் அந்த இடம் மட்டும் வேறு பளபளப்பில் ஓட்டைபோல் தெரியும், சாய்த்துப் பார்த்தால் நன்றாகவே தெரியும். படத்தின் உச்ச வெளிச்சத்தை 248 அளவில் நிறுத்துங்கள், நீரில் மின்னும் துளிபோன்ற சிறு புள்ளிகளை மட்டும் 255க்கு விடலாம்.

படத்துக்குள் வெளிச்சத்தை நகர்த்துவது, அதாவது டாட்ஜ் (வெளுப்பாக்குவது), பர்ன் (கறுப்பாக்குவது), இதற்குப் பிறகுதான். 50% சாம்பல் நிரப்பிய லேயரைச் சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, மென்மையான பிரஷ்ஷை 5 முதல் 10% ஒபாசிட்டியில் வைத்துப் பலமுறை தடவுங்கள். கண்கள் கொஞ்சம் எழும்பவும், ஓரங்கள் கொஞ்சம் தணியவும் செய்தால் போதும். செய்தது வெளியே தெரிந்தால் பாதியாகக் குறையுங்கள்.

அளவு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்தால் 8க்கு 12 அங்குலப் படத்துக்கு 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். 6000க்கு 4000 தரும் 24 மெகாபிக்சல் கேமரா 20 அங்குல அகலம்வரை தாராளமாகத் தாங்கும். 240 இருந்தாலும் கை நீட்டும் தூரத்தில் குறை தெரியாது. ஷார்ப்பனிங்கை அளவு மாற்றிய பிறகு, கடைசியில் செய்யுங்கள்: ரேடியஸ் 1 பிக்சல், அளவு 80%இலிருந்து தொடங்கலாம். மை தாளில் சற்றே பரவுவதால், 100% பெரிதாக்கிப் பார்க்கும்போது திரையில் துளி அதிகமாகத் தெரிவதுதான் சரியான அளவு. மேட் தாளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம். பரந்த வானம் உள்ள படத்தில் மிக லேசாகக் கிரெய்ன் (ஃபிலிம் போன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் வளையக் கோடுகள் மறையும்.

அச்சிடும் முன் நாஸில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) கட்டாயம். கோடு ஒன்று விடுபட்டிருந்தாலும் சாம்பலில் பட்டையாகத் தெரியும். ஒருமுறை ஹெட் கிளீனிங் போட்டு மறுபடி பாருங்கள். தொடர்ந்து நாலைந்து முறை போட்டு மையைக் கொட்டாதீர்கள், சில மணி நேரம் விட்டுப் போட்டால் காய்ந்த மை ஊறித் தானே திறப்பதும் உண்டு. வாரம் ஒரு பக்கமாவது அச்சிட்டால் அடைப்பு பெரும்பாலும் வராது. ஹை ஸ்பீடு அல்லது இருதிசை அச்சை ஆஃப் செய்யுங்கள். பருத்தித் தாளை மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போடுங்கள், தளர்ந்த நார் மேல் மை விழுந்து பிறகு உதிர்ந்தால் கருப்பில் வெள்ளைப் புள்ளி நிற்கும். எந்தப் பக்கம் அச்சுப் பக்கம் என்று தெரியாவிட்டால் தாளின் மூலையை லேசாக ஈரமான விரலால் தொடுங்கள், பூச்சு உள்ள பக்கம் ஒட்டும்.

முழுத் தாளைப் போடும் முன், படத்திலிருந்து கருமையான இடம், முகம், வெளிர்ந்த இடம் மூன்றும் வரும்படி ஒரு குறுகிய பட்டையை வெட்டி எடுத்து, அதே பட்டையை மூன்று வெளிச்சத்தில் ஒரே தாளில் அச்சிடுங்கள்: இப்போதிருப்பது, நடுத்தரத்தை 8 தூக்கியது, 16 தூக்கியது. திரையில் சரியாகப்பட்டதைவிட ஒரு படி வெளிரானதுதான் சுவரில் சரியாக இருப்பதைப் பலமுறை காண்பீர்கள்.

பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு தீர்ப்பு சொல்லாதீர்கள். நிறமி மையைக்கூட அரை மணி நேரம் விட வேண்டும். சாய மையில் சாயல் நிலைபெற 24 மணி நேரம் ஆகும், ஈரத்தில் ஊதா அடித்தது மறுநாள் நடுநிலையாகியிருக்கலாம். ஃபிரேம் போடும் முன்பும் குறைந்தது ஒருநாள், மேலே வெறும் தாள் ஒன்றைப் பரப்பித் தட்டையாக வையுங்கள். காயாமல் கண்ணாடிக்குள் அடைத்தால் மையில் மீந்திருக்கும் கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல் படியும். படத்தின் மேற்பரப்பு கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற மவுன்ட் போர்டு கொடுங்கள். சாய மையில் எடுத்ததைக் கண்ணாடி இல்லாமல் திறந்து மாட்ட வேண்டாம், காற்றில் உள்ள ஓசோனே அதை வெளுக்கவைத்துவிடும்.